காளைக்கு ஈரம் ஆகாது

திருவொற்றியூர் சூசையப்பர் குப்பத்தில் கடைசி வீடு லூர்துவுடையது. அவன் பிறந்தபோது அது கடைசி வீடாக இருக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு தெரு இருந்தது, தெருவுக்கு அப்பால் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, அதற்கும் அப்பால் பையன்கள் பந்து உதைக்கும் அளவுக்கு மணல். கடல் மணலைத் தின்றுவிட்டு, கிணற்றைக் குடித்துவிட்டு, தெருவையும் மென்று விழுங்கிவிட்டு, இப்போது லூர்துவின் அடுப்படிச் சுவரை நக்கி ருசி பார்த்துக்கொண்டிருந்தது.

லூர்து கேட்டதெல்லாம் கல். கரையில் நாலு லோடு பாறாங்கல் கொட்டினால் அலை அதில் முட்டிக்கொண்டு திரும்பிப் போகும், வீடு நிற்கும். இதற்காக அவன் ஏறாத ஆபீஸ் இல்லை. மீன் சம்பந்தப்பட்ட ஆபீஸில், கல் மீன் அல்ல என்றார்கள். தண்ணீர் சம்பந்தப்பட்ட ஆபீஸில், தாங்கள் பார்ப்பது நல்ல தண்ணீர்தான், உப்புத் தண்ணீர் வேறு ஆள் என்றார்கள். ஒரு புண்ணியவான் மட்டும் மனம் இளகி, "வீடு முழுசாகக் கடலுக்குள் போனபிறகு வாருங்கள், அதற்குத் தனி கவுன்டர் இருக்கிறது, கூட்டமும் குறைவு" என்று நல்ல வழி சொன்னார். கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்கள். லூர்து இத்தனை வருஷமாகக் கரைத்துக்கொண்டிருந்தது மனுக்களை.

தேர்தல் நெருங்கிய சமயத்தில் ஒரே ஒரு லாரி வந்தது. லாரிக்கு மாலை போட்டார்கள், கல்லைக் கொட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். அடுத்த லோடு பின்னாலேயே வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். வந்த கற்களில் பெரியது லூர்துவின் அடுப்படிக்கு நேராக உட்கார்ந்தது. அதன் முகத்தில் ஒரு காளை மாடு செதுக்கியிருந்தது. நீண்ட கொம்பு, உயர்ந்த திமில், முன்னங்கால் இரண்டு. பின்பாதி வெடிவைத்து உடைத்தபோது எங்கேயோ போய்விட்டது. லாரிப் பையன்கள் கிறுக்கிய படம் என்று நினைத்தாள் லூர்துவின் மனைவி ரேச்சல். கல் நன்றாகச் சூடேறியது. ஆகவே அதன்மேல் வாளைக் கருவாடு காயப்போட்டாள்.

சூரியன் உதிப்பதைப் படம் பிடிக்க வந்த யாரோ ஒருவர் காளையையும் கருவாட்டையும் சேர்த்துப் பிடித்து உலகத்துக்குக் காட்டிவிட்டார். மறுவாரம் எண்ணூர் நெடுஞ்சாலையின் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நெளிந்து நெளிந்து ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் தொல்பாறைப் பாதுகாப்பு வாரியத்தின் துணை இயக்குநர் ஞானதுரை. காளையைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். கருவாட்டைக் கண்டதும் மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அம்மா, இந்தச் செதுக்கல் நாலாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாது. நீங்கள் வரலாற்றின்மீது வாளை காயவைத்திருக்கிறீர்கள்."

"நேரா வெக்கல சார்," என்றாள் ரேச்சல். "கீய பிளாஸ்டிக் சீட்டு போட்டுக்கீறேன், பாருங்க."

லூர்துவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஜீப்பில் ஓர் அதிகாரி தானாக அவன் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். தேடிப்போன மூலிகை காலில் சிக்கிய கதை. அவன் கையைக் கட்டிக்கொண்டு, "சார், அப்டியே நம்ம வூட்டுப் பக்கம் நாலு லோடு கல்லு கொட்டச் சொன்னீங்கன்னா..." என்று ஆரம்பித்தான்.

"கல் கொட்டுவது எங்கள் பணி அல்ல. கொட்டிய கல்லைக் காப்பதுதான் எங்கள் பணி," என்றார் ஞானதுரை.

காத்தார்கள். கல்லைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது, வீட்டுப் பக்கம் மட்டும் அடுப்படிச் சுவரே வேலி. வேலியைச் சுற்றி ஒரு தடை எல்லை வந்தது, அந்த எல்லைக்குள் லூர்துவின் வீடும் வந்தது. எல்லைக்குள் எதையும் கட்டக்கூடாது, இடிக்கக்கூடாது, பூசக்கூடாது, பெயர்க்கக்கூடாது என்று ஞானதுரை நின்றபடியே வாசித்துக் காட்டினார்.

"இடிக்கக்கூடாதுன்றீங்க. கடலு இடிச்சிகினு கீதே சார்?"

"கடலுக்கு நோட்டீஸ் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, லூர்து. உங்களுக்குக் கொடுக்க இருக்கிறது."

கல்லுக்குக் காவலாக வியாசர்பாடியிலிருந்து நீலமேகம் என்பவரை அனுப்பினார்கள். காவலாளிக்கு ஒரு கொட்டகை வேண்டும். ஆனால் எல்லைக்குள் கொட்டகை கட்டக்கூடாது. எல்லைக்கு வெளியே கட்டினால் கல் கண்ணுக்குத் தெரியாது. வாரியம் இதைப் பலமாக யோசித்து, ஏற்கெனவே கட்டியிருக்கிற கட்டடத்தில் காவலாளி தங்கலாம், அதற்குத் தடையில்லை என்று முடிவு செய்தது. ஏற்கெனவே கட்டியிருந்த கட்டடம் லூர்துவின் முன்னறை. நீலமேகம் பாயும் தலையணையுமாக வந்து சேர்ந்தார். நல்ல மனுஷன். ரேச்சல் வைத்த சங்கரா மீன் குழம்பை முதல்நாள் சாப்பிட்டவர், அதற்கப்புறம் லீவு என்ற வார்த்தையையே மறந்துபோனார்.

அடுப்படிச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. லூர்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிமென்ட் குழைத்து அதை அடைக்கப் போனான். நீலமேகம் சாப்பிட்ட தட்டோடு ஓடிவந்தார்.

"மாமு, வேணாம் மாமு. பூசக்கூடாது. என் வேல போய்டும்."

"என் செவுரு போய்டுமே நைனா."

"செவுரு போனா கேக்க ஆளில்ல. பூசினா கேக்க ஆள் கீது. நீயே ரோசன பண்ணு."

லூர்து யோசித்தான். குழைத்த சிமென்ட் சாந்துத் தட்டிலேயே இறுகியது. இன்றைக்கும் ரேச்சல் அதைத்தான் அம்மி மாதிரி வைத்துக்கொண்டு இஞ்சி தட்டுகிறாள்.

மழைக்காலம் வந்தது. வாடைக்காற்று எழும்பிய அன்று கடல் ஒரு வேகத்தில் வந்து அடுப்படிச் சுவரை அப்படியே தள்ளிக்கொண்டு போயிற்று. குக்கர், மண்சட்டி, மசாலா டப்பா எல்லாம் மிதந்தன. நாளைக்குப் படுக்கிற இடமும் போய்விடும் என்று லூர்துவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஞானதுரைக்குப் போன் போட்டான்.

"சார், செவுரு வுயுந்துடுச்சி. இன்னும் ரெண்டு அலை வந்தா வூடே பூடும்."

"மிக்க வருத்தம். வீடு எங்கள் வரம்பில் வராது. வேறு ஏதாவது?"

லூர்துவுக்கு அழுகை வந்தது. நீலமேகம் அவன் கையிலிருந்து போனை வாங்கி, வேலை நேரத்துக் குரலில், "சார், காளை மேல அலை அடிக்குது சார்" என்றார்.

போன் சூடு ஆறுவதற்குள் ஜீப் வந்துவிட்டது. ஞானதுரை முழங்கால் தண்ணீரில் நின்று காளையின் மூக்கைக் கைக்குட்டையால் ஒற்றினார். ஏதோ ஒரு கருவியை அதன் திமிலில் வைத்துப் பார்த்தார், முகம் கறுத்தது.

"காளைக்கு ஈரம் ஆகாது," என்றார். "உப்பு ஈரம் ஆகவே ஆகாது."

ரேச்சல் இடுப்பளவு நனைந்து, மிதந்த குக்கரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு ஈரம் ஆகுமா என்று அவர் கேட்கவில்லை. அவள் நாலாயிரம் ஆண்டுக்கு ரொம்பக் குறைவு.

அன்றிரவே உத்தரவு வந்தது. கூரை போடுவது கட்டுமானம், ஆகவே கூடாது. குடை பிடிப்பது கட்டுமானம் அல்ல. நீலமேகம் காளைக்குக் குடை பிடித்தார். மேலிருந்து விழும் மழை நின்றது. எதிரிலிருந்து வரும் அலை நிற்கவில்லை. ஒரு வாரத்தில் நாலு குடை கடலுக்குப் போயிற்று, நீலமேகத்துக்குச் சளி பிடித்தது. குப்பத்துப் பெண்கள் மீன் கூடையோடு போகிறபோது, "இன்னா நைனா, மாப்பிள்ள ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் வாரியத்தின் நிபுணர் குழு லூர்துவின் முன்னறையில் கூடியது. எல்லைக்குள் வேறு கூரை இல்லை. ரேச்சல் எல்லாருக்கும் டீ கொடுத்தாள். குழு நீண்ட நேரம் பேசி, கடலோரம் பாறாங்கற்களைக் கொட்டுவது என்று தீர்மானித்தது. சிமென்ட் வைத்துக் கட்டினால்தான் கட்டுமானம், சும்மா கொட்டினால் இயற்கை. லூர்து மாதாவின் படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான். இத்தனை வருஷம் அவன் கேட்டதை, அவன் வீட்டிலேயே உட்கார்ந்து, அவன் டீயையே குடித்துவிட்டு, ஒரு மாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"ஆனால் ஒன்று," என்றார் ஞானதுரை. "கண்ட கல்லைக் கொட்டினால் சின்னத்தின் தன்மை கெடும். இந்தக் காளை ஊத்துக்கோட்டைக்கு மேற்கே மாட்டுக்குன்றைச் சேர்ந்தது. தடுப்புக்கல்லும் அதே குன்றின் கல்லாக இருக்க வேண்டும்."

"அது யாரு மல சார்?"

"எங்கள் வாரியம் பல்லாண்டாகப் பாதுகாத்துவரும் மலை."

"பாதுகாத்த மல எப்டி சார் லாரி ஏறி இங்க வந்துச்சி?"

ஞானதுரைக்குக் கோபம் வரவில்லை. நல்ல கேள்வி கேட்கிற மாணவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நாங்கள் மலையின் முன்னால் அறிவிப்புப் பலகை வைத்துப் பாதுகாத்தோம். அந்தப் பலகையில் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது. போன மாதம்கூடப் பெயின்ட் அடித்தோம். பலகைக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை நாங்கள் எப்படிப் பார்க்க முடியும்? முன்னால் பலகை இருக்கிறதே."

லாரிகள் வந்தன. இப்போது மாலையும் இல்லை, போட்டோவும் இல்லை, கல் மட்டும் வந்தது. இரண்டாம் நாளே ஒரு கல்லில் மான் இருந்தது. ஞானதுரை கண்கலங்கி, மானுக்கும் வேலி போடச் சொன்னார். மான் காளைக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்ததால் அதன்மேல் அலை அடித்தது. மானுக்கும் ஈரம் ஆகாது. ஆகவே மானுக்கு முன்னால் கொட்ட அதே குன்றிலிருந்து இன்னும் சில லோடு. அதில் வில் பிடித்த மனிதர்கள் வந்தார்கள். அவர்களைக் காக்க வந்த லோடில் யானை வந்தது. யானையைக் காக்க வந்ததில் கைகோத்து ஆடும் பெண்கள் வந்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இங்கே குரங்குகூட ஒரு கல்லில் வந்துவிட்டது.

லூர்து அந்த நாட்களில் கொஞ்சம் பூரித்தே போனான். காலையில் கடலுக்குப் போகுமுன் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, "தாயே, இன்னிக்கும் ஒரு மான் அனுப்பு" என்று வேண்டிக்கொண்டான். பங்குச் சாமியார் இதை எந்த வகை ஜெபத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். கரை உயர்ந்தது, நீண்டது, பக்கத்துக் குப்பம் வரைக்கும் போயிற்று. அலை தூரத்திலேயே முட்டிக்கொண்டு முனகிவிட்டுத் திரும்பியது. முதல்முறையாக ரேச்சல் வீட்டுச் சாமான்களைப் பரண்மேல் கட்டிவைக்காமல் கீழே வைத்துவிட்டுத் தூங்கினாள். சுவர் இல்லாத அடுப்படி அப்படியேதான் கிடந்தது, கட்டக்கூடாது அல்லவா. ஆனால் காற்றோட்டமாக இருந்தது.

பொங்கலுக்குச் சற்று முன்னால் திறப்பு விழா வைத்தார்கள். பந்தல் போடக்கூடாது என்பதால் வாரியத் தலைவர் வெயிலில் நின்று பேசினார். தலைக்கு மேல் நீலமேகம் குடை பிடித்தார், அவருக்கு இப்போது அதில் நல்ல பழக்கம்.

"மாட்டுக்குன்றின் அரிய செதுக்கல்கள் கேட்பாரற்று ஒரு மலையில் கிடந்தன," என்றார் தலைவர். "மலை எவ்வளவு ஆபத்தான இடம் என்பதை எண்ணிப் பாருங்கள். வெயில் அடிக்கும். மழை பெய்யும். ஆடு ஏறும். நாலாயிரம் ஆண்டுகள் அவை அங்கே எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருந்திருக்கின்றன. நம் வாரியம் வந்தபிறகுதான் விடிவு பிறந்தது. அந்த மலையின் கடைசிக் கல்வரை இங்கே மீட்டுக் கொண்டுவந்துவிட்டோம் என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். இனி மாட்டுக்குன்றுக்கு யாராலும் எந்த ஆபத்தும் வர முடியாது."

எல்லாரும் கைதட்டினார்கள். லூர்துதான் பலமாகத் தட்டினான்.

மாட்டுப்பொங்கலன்று காலையில் வேலிக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். ஒரு கையில் மஞ்சள் கிண்ணம், இன்னொரு கையில் ஆவாரம்பூ மாலை. தொடக்கூடாது, பூசக்கூடாது என்று நீலமேகம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சண்டை போடவில்லை, போகவும் இல்லை. படகிலிருந்து வந்த லூர்து என்ன ஏது என்று கேட்டான்.

"நான் மாட்டுக்குன்றுங்கண்ணா. கெங்கம்மா எம்பேரு," என்றாள். "வருசா வருசம் இந்தக் காளைக்கு மஞ்ச வெச்சிட்டுத்தான் எங்க மாட்டுக்கு வெப்போம். இந்த வருசம்தான் ஏற எடமில்ல. காளை பட்டணம் போயிடுச்சின்னாங்க. விடியகாலமே கெளம்பி மூணு பஸ்சு மாறி வந்தேங்க."

வேலியின் கதவுக்குப் பூட்டு இருந்தது. ஆனால் லூர்துவின் அடுப்படிக்குச் சுவர் இல்லை. அவன் அவளை முன்னறை வழியாக உள்ளே அழைத்து, அடுப்பைத் தாண்டி, நேராகக் காளையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். நீலமேகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கப்பல் ஏதாவது வருகிறதா என்று கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

கெங்கம்மா காளையின் கொம்புக்கு மஞ்சள் வைத்தாள், மாலையைச் சாத்தினாள். பிறகு கரை நெடுகக் கிடந்த கற்களைப் பார்த்துக்கொண்டே போனாள். "இது மேக்கால முனை... இது ஆடு ஒதுங்குற எடம்... இந்த மானு எங்க வீட்டுக்கு நேர் மேல இருந்துச்சி, விளக்கு வெச்சா தெரியும்." சொந்தக்காரர்களை எண்ணுகிற மாதிரி எண்ணினாள்.

இத்தனை நாள் மான் கேட்டு வேண்டிக்கொண்ட லூர்துவுக்கு, மான் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"உங்க மலதான் எங்க வூட்டத் தாங்கிகினு கீதும்மா," என்றான் மெதுவாக.

"தாங்கட்டுங்கண்ணா. கல்லு என்னா பண்ணும்," என்றாள் அவள். ரேச்சல் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். "எங்க பாடுதான் இப்ப பேஜாரு. மல இருந்த எடத்துல இப்ப பெரிய குழி. மழைத்தண்ணி நின்னு, இதோ இந்தக் கடலு மாதிரிதான் கெடக்குது. கரை சரிஞ்சிகினே வருது. எங்க வீட்டுக்கு முன்னால ஒரு தெரு இருந்துச்சி, போயிடுச்சி. இப்ப எங்க வீடுதான் கடைசி. ரெண்டு லோடு கல்லு கொட்டுங்கன்னு கேக்காத ஆபீசு இல்ல."

ரேச்சலும் லூர்துவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யம்மா," என்றான் லூர்து. "அங்க படம் போட்ட கல்லு ஒண்ணுகூட மிச்சம் இல்லியா?"

"எல்லாத்தையும் ஏத்திட்டாங்களே. நான் துணி தொவைக்கிற கல்லுல மட்டும் என்னமோ ஒரு மயிலு மாதிரி இருக்கும். அது எப்பவோ உருண்டு வந்தது, வீட்டுக்குப் பின்னால கெடக்குது."

லூர்து எழுந்தே விட்டான். போனை எடுத்து ஞானதுரையின் எண்ணைப் போட்டு, அவள் கையில் கொடுத்தான். "வூட்டப் பத்தி மூச்சு வுடாத. குயியப் பத்தியும் பேசாத. மயிலுக்கு ஈரம் படுதுன்னு சொல்லு, போதும்."

கெங்கம்மா சொன்னாள். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. கல்லைத் தொடாதீர்கள், யாரையும் தொடவிடாதீர்கள், நாளைக் காலையில் ஜீப் அங்கே இருக்கும் என்றார் ஞானதுரை. தடுப்புக்கல் கொட்டவும் ஏற்பாடு செய்கிறாராம். கெங்கம்மாவின் முகம் மலர்ந்தது. நீலமேகம்கூடக் கப்பல் பார்ப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்.

ரேச்சல் மட்டும் டீ டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "தடுப்புக்கல்லு அதே மலக்கல்லா இருக்கணும்னு சொல்வாங்களே. அந்த மல இப்ப எங்க கீது?"

எல்லாரும் கரையைப் பார்த்தார்கள். மாட்டுக்குன்று முழுவதும் அங்கேதான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

லூர்து கொஞ்ச நேரம் கல்லையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கெங்கம்மாவைப் பார்த்தான். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"குந்து தாயீ," என்றான். "வந்து அள்ளிகினு போவட்டும். ஒன் வூட்டுக்குக் கரை ஏறட்டும். இங்க கல்லு கொறைஞ்சா நம்ம காளை நனையும். நனைஞ்சா நாங்க போன் பண்ணுவோம். அங்கருந்து இங்க வரும். அங்க மயிலு நனைஞ்சா நீ பண்ணு. எப்டியும் மல ரெண்டு வூட்டுக்கும் நடுவுல நடந்துகினே இருக்கும்."

ரேச்சல் கெங்கம்மாவின் நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். மழைக்காலத்தில் யார் முதலில் போன் போடுவது என்று இருவரும் அப்போதே பேசி வைத்துக்கொண்டார்கள்.